வெளிநாட்டு விமானி உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றுவது எப்படி: மதுரைப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரை விமான நிலையத்தில் கொழும்பிலிருந்து வந்து நிற்கும் விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் பதிவெழுத்துகள் ‘4ஆர்’ என்று தொடங்கும். சற்றுத் தள்ளி, சென்னைக்குப் புறப்படக் காத்திருக்கும் ஏடிஆர் விமானத்தில் ‘விடி’ என்று இருக்கும். முன்னது இலங்கையில் பதிவான விமானம், பின்னது இந்தியாவில் பதிவானது. கொழும்பு விமானத்தை அவனியாபுரத்துக்கு மேலே இறக்கிக் கொண்டுவரும் விமானி, மதுரையில் தரையிறங்குவதற்காக இந்திய உரிமம் எதையும் எடுக்க வேண்டியதில்லை. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தத்தின் 33-ஆவது பிரிவு, விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட உரிமத்தை மற்ற உறுப்பு நாடுகள் மதிக்க வேண்டும் என்கிறது. பறக்கும் வானம் யாருடையது என்பதைப் பொறுத்ததன்று உரிமம். விமானத்தின் பதிவெழுத்தைப் பொறுத்தது.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தெளிவாகிவிடும். அமெரிக்காவில் ‘என்’ எழுத்து விமானங்களிலோ, தென்னாப்பிரிக்காவில் ‘இசட்எஸ்’ விமானங்களிலோ, பிலிப்பைன்ஸில் ‘ஆர்பி’ விமானங்களிலோ பயிற்சி பெற்றுத் திரும்பும் ஒருவர், ‘விடி’ விமானத்தை ஓட்டிச் சம்பளம் வாங்க வேண்டுமானால், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, வழங்கும் வணிக விமானி உரிமத்தை, அதாவது சிபிஎல்லை, புதிதாகப் பெற்றே ஆக வேண்டும். இதைப் பேச்சு வழக்கில் கன்வர்ஷன் என்கிறார்கள். ஓட்டுநர் உரிமத்தை ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்வதைப் போன்றது என்ற எண்ணத்தை அந்தச் சொல் உண்டாக்கிவிடுகிறது. உண்மையில் உரிமம் எங்கும் மாறுவதில்லை. நீங்கள் பறந்த மணிகள் எண்ணிக்கையில் சேர்கின்றன; எழுதிய தேர்வுகளில் ஒரு பகுதி விலக்காகக் கிடைக்கிறது; வெளிநாட்டில் எடுத்த மருத்துவச் சான்று இங்கே கணக்கில் வருவதே இல்லை.

புறப்படும் முன்பே முடிக்க வேண்டியவை

நான் என் உரிமத்தை மாற்றியபோது செய்த முதல் தவறு, எல்லாவற்றையும் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான். இப்போது திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் வந்து கேட்கும் தம்பி தங்கைகளிடம், வங்கிக் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன். டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்று பெற்று, அதற்கான கோப்பு எண் கிடைத்த பின், முதல் வகுப்புப் பரிசோதனைக்குப் போக வேண்டும். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குப் பெங்களூரு விமானபுராவில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் வசதியானது. மதுரையில் மாலை மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். நிறப்பார்வைக் குறைபாடு போன்றவை அங்கேதான் தெரியவரும். தகுதியில்லை என்ற விடை வருமானால், அது வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைப்பதற்கு முன்னால் வருவதே நல்லது.

இரண்டாவது வேலை, பிளஸ் டூ சான்றிதழ். இயற்பியலும் கணிதமும் படித்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பலரும் அறிவார்கள். அந்தப் பாடங்கள் இல்லாதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் மதிப்பெண் பட்டியல் உண்மையானதுதான் என்று தேர்வு வாரியமே உறுதிசெய்ய வேண்டும் என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் கேள்விப்படுகிறார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு அந்த உறுதிச் சான்று சென்னையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து வர வேண்டும். இது முடிந்தால்தான் டிஜிசிஏ தேர்வெழுதுவதற்கான கணினி எண் கிடைக்கும். அந்த எண் இல்லாமல் எந்தத் தாளையும் தொட முடியாது.

இனிஷியல் என்னும் சிக்கல்

மூன்றாவது, பெயர். தமிழர்களுக்கே உரிய இந்தச் சிக்கலை வடநாட்டில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியும் விளக்குவதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பேச்சுக்கு, உசிலம்பட்டிக்காரர் ஒருவரின் மதிப்பெண் பட்டியலில் ‘கார்த்திக் மு’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு, பெயர்க் கட்டத்தில் ‘கார்த்திக்’ என்று மட்டும் எழுதிவிடுகிறார். அமெரிக்க விசா வரும்போது, அவர்களுடைய முறைப்படி, ‘கார்த்திக்’ என்பதைக் குடும்பப் பெயராக வைத்து, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்ற பொருளில் மூன்று எழுத்துகளை அச்சிட்டுவிடுகிறார்கள். பயிற்சிப் பள்ளியும் அதையே பார்த்து எழுதுகிறது, உரிமத்திலும் அதுவே ஏறுகிறது. ஊருக்குத் திரும்பி விண்ணப்பிக்கும்போது பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயர் சேர்ந்த இன்னொரு பெயர், வெளிநாட்டு உரிமத்தில் யாருக்கும் தெரியாத மூன்றாவது பெயர். மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கார்த்திக்கின் தலையில் விழுகிறது.

ஆகவே பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரை விரித்துக் குடும்பப் பெயராக எழுதுங்கள். முன்பே வெறுமையாக விட்டிருந்தால், மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் வழியாக மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துத் திருத்திக்கொண்ட பிறகே விசாவுக்குப் போங்கள். பட்டியலில் உள்ள இனிஷியலும் பாஸ்போர்ட்டில் உள்ள விரிந்த பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று நோட்டரி முன் உறுதியிட்ட பிரமாணப் பத்திரம் ஒன்றையும் அப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு எழுத்துக்கூட்டல் அளவில் நில்லாமல் பெயரே மாறியிருந்தால், அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதுதான் பிற்பாடு தொல்லை தராத வழி.

லாக்புக் என்னும் பறப்புப் பதிவேடு: மணிகள் எண்ணப்படும் விதம்

இந்திய சிபிஎல்லுக்கு வேண்டிய பறப்பு அனுபவம், 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளின் இரண்டாம் அட்டவணையில் வரையறுக்கப்பட்டுள்ளது. மொத்தம் 200 மணி நேரம், அதுவும் விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள். அதில் 100 மணி நேரம் பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்தின் முழுப் பொறுப்பேற்ற விமானியாகப் பறந்ததாக இருக்க வேண்டும். அந்த நூறில் 15 மணி நேரம் கடைசி 6 மாதங்களுக்குள் அமைய வேண்டும். 20 மணி நேரம் அதே பொறுப்பில் ஊர்விட்டு ஊர் பறந்ததாக இருக்க வேண்டும். அவற்றுள் ஒரு பயணம் குறைந்தது 300 கடல் மைல் நீளமுடையதாகவும், இடையில் இரண்டு வெவ்வேறு நிலையங்களில் முழுமையாக இறங்கி நின்றதாகவும் இருக்க வேண்டும். கருவிகளைக் கொண்டே பறந்தது 10 மணி நேரம், அதில் சிமுலேட்டரில் 5-க்கு மேல் கூடாது. இரவில் 5 மணி நேரம், அதோடு 10 முறை மேலெழும்பி 10 முறை இறங்கியிருக்க வேண்டும். இந்த இரவு ஏற்ற இறக்கங்களும் 6 மாதத்துக்குள் நடந்தவையாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் உரிமம் கிடைத்துவிட்டது என்பதாலேயே இவை நிறைவேறிவிட்டன என்று நினைத்துவிடக் கூடாது. சர்வதேச விதியே 200 மணி நேரத்துக்கு மாற்றாக, அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சியில் 150 மணி நேரம் போதும் என்கிறது. அமெரிக்காவில் விமான விதிகளின் 141-ஆம் பகுதியின் கீழ் இயங்கும் பள்ளிகளில் 190 மணி நேரத்தில் வணிக உரிமத் தேர்வுக்குப் போய்விடலாம். அந்த உரிமம் அந்த நாட்டில் முழுமையாகச் செல்லும். இங்கே பத்து மணி நேரம் குறைகிறது என்று விண்ணப்பம் திரும்பி வரும். அந்தப் பத்து மணி நேரத்தை இந்தியாவில் பறந்து முடிக்க ஆகும் செலவையும் காத்திருப்பையும் பார்த்தால், அங்கேயே இருந்து 210 அல்லது 215 ஆக்கிக்கொண்டு வருவது எவ்வளவோ மேல்.

மணிகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் வகை அதிகச் சிக்கலைத் தருகிறது. அமெரிக்க விதிப்படி, தனியார் விமானி உரிமம் பெற்ற ஒருவர், பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் கட்டுப்பாட்டைத் தானே வைத்திருந்தால் அந்த நேரத்தைப் பைலட் இன் கமாண்ட் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். இந்தியக் கணக்கில் பயிற்றுநர் உடனிருந்த பயணம் டியூவல்தான், அதாவது இருவராகப் பறந்த பயிற்சி நேரம்தான். அங்கே 140 என்று நிறைவாகத் தெரிந்த எண், இங்கே பிரித்துப் பார்க்கையில் 85 ஆகச் சுருங்கிப்போவது இப்படித்தான். அமெரிக்க வணிக உரிமத்துக்கான 300 கடல் மைல் பயணத்தையும் பயிற்றுநரை உடன்வைத்துப் பறக்க அந்த விதி இடம் தருகிறது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், தனியாகவே பறந்து முடியுங்கள். இடையில் இறங்கும் இரண்டு நிலையங்களிலும் சக்கரம் தொட்டவுடன் மீண்டும் எழும்பாமல், முழுமையாக நின்று, குறிப்புக் கட்டத்தில் ‘ஃபுல் ஸ்டாப்’ என்று எழுதிவையுங்கள். பயணம் முடிந்த அன்றே எழுத வேண்டும். ஓராண்டு கழித்து வேறு மையில் சேர்த்த குறிப்பு யாருடைய கண்ணுக்கும் தப்பாது.

இனி ஒரு சின்னக் கணக்கு. பயிற்சி விமானத்தில் உள்ள ஹாப்ஸ் மீட்டர் மணியைப் பத்தில் ஒரு பங்காகக் காட்டும். அமெரிக்க லாக்புக்கும் அப்படியே எழுதப்படும். இந்தியாவில் மணி, நிமிடம் என்று எழுதுகிறோம். 1.3 என்றால் ஒரு மணி 18 நிமிடம். ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு இணையப் பதிவேட்டில் நூற்றுக்கணக்கான வரிகளை ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவர் அதை 1:30 என்று எழுதிவிடுவது மிக இயல்பு. ஒரு வரிக்கு 12 நிமிடம் கூடுகிறது. அப்படி நூறு வரி எழுதினால் பறக்காத 20 மணி நேரம் பறந்ததாக ஏறிவிடும். இது கைத்தவறு என்று உங்களுக்குத் தெரியும். சரிபார்ப்பவருக்குத் தெரியாது, அவருக்கு அது பொய்க்கணக்கு. ஆகவே தசமத்தை 60-ஆல் பெருக்குங்கள், பக்கத்துக்குப் பக்கம் கூட்டுத்தொகையைப் பழைய லாக்புக்கோடு ஒப்பிடுங்கள், வீட்டில் கணக்குத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மளிகைக் கடைப் பேரேடு எழுதிப் பழகிய என் சித்தப்பாதான் எனக்கு மூன்று இடங்களில் பிழை கண்டுபிடித்துக் கொடுத்தார். விமானத்தில் ஏறியே இராதவர்.

பள்ளியின் தலைமைப் பயிற்றுநர் கையெழுத்தும் முத்திரையும் இட்ட மணிச் சுருக்கத்தை, டியூவல், சோலோ, இரவு, கருவி, ஊர்விட்டு ஊர் என்று இந்திய விதியின் தலைப்புகளிலேயே பிரித்து, அங்கிருந்து கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள். பள்ளி மூடிப்போவதும் பயிற்றுநர் வேறு வேலைக்குப் போவதும் அன்றாடம் நடப்பவை. ‘கன்வர்ஷன் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் பறந்தால் போதும்’ என்று எனக்கு உறுதிசொன்ன ஏஜென்ட், இந்தக் காகிதம் தேவைப்பட்டபோது தொலைபேசியை எடுக்கவே இல்லை.

தேர்வுகள்

செல்லுபடியாகும் வெளிநாட்டு வணிக உரிமத்தோடு வருபவர், டிஜிசிஏவின் முழு வரிசையையும் எழுத வேண்டியதில்லை. விமான ஒழுங்குமுறைத் தாளும், நேவிகேஷன் எனப்படும் வழிநடத்தலையும் வானிலையையும் சேர்த்த காம்போசிட் தாளும் போதும். தேர்ச்சிக்கு 70 விழுக்காடு வேண்டும். அதே சமயம், வெளிநாடு போகும் முன்பே ஊரில் உட்கார்ந்து எல்லாத் தாள்களையும் எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. தாள்கள் கூடுதல்தான் என்றாலும் எனக்கு அந்த வழியே சரியாகத் தோன்றுகிறது. பறந்து முடித்துவந்த பிறகு 6 மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது படிப்பது, அடுப்பில் உலை கொதிக்கும்போது அரிசி வாங்கக் கடைக்கு ஓடுவதற்குச் சமம்.

வானிலைத் தாளை யாரும் எளிதாக எண்ணிவிட வேண்டாம். அரிசோனாவின் வறண்ட வானத்தில் பழகியவருக்குத் தென்மேற்குப் பருவக்காற்றும், வங்கக் கடல் புயலும், வடக்கே குளிர்காலத்தில் மழை கொண்டுவரும் மேற்கத்தியக் கலக்கமும், வங்காளத்துக் கோடை இடிப்புயலும் புத்தகத்தில் மட்டுமே இருப்பவை. மதுரைக்காரர்களுக்கு ஒரு சலுகை: மலைக்கு இந்தப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் மழை ஏன் பொய்க்கிறது, ஐப்பசியில் ஏன் கொட்டுகிறது என்பதை வைகையைப் பார்த்தே தெரிந்து வைத்திருக்கிறோம். அழுத்தத்தின் அலகும் மாறுகிறது. அமெரிக்காவில் பாதரச அங்குலத்தில் 29.92 என்று சொல்லிப் பழகிய நாக்கு, இங்கே ஹெக்டோபாஸ்கலில் 1013 என்று சொல்ல வேண்டும்.

ஆர்டிஆர் எனப்படும் வானொலித் தொடர்புத் தேர்வு தனி. கொடுக்கப்பட்ட பயண வரைபடத்தை வைத்துக்கொண்டு, என்ஜின் இயக்க அனுமதி கேட்பதிலிருந்து இறங்கி நிறுத்துவது வரை கட்டுப்பாட்டு அறையோடு பேசிக்காட்ட வேண்டும். பின்னர் வாய்மொழிக் கேள்விகள். பல ஆண்டுகள் இதைத் தொலைத்தொடர்புத் துறை நடத்திவந்தது. 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் அதிநியம் இந்த அதிகாரத்தை டிஜிசிஏ பக்கம் கொண்டுவந்தது. ஆகவே பழைய காணொளிகளைப் பார்த்து விண்ணப்பப் படிவம் தேடாமல், டிஜிசிஏ தளத்தின் அறிவிப்பை மட்டும் பின்பற்றுங்கள்.

சரிபார்ப்பும் பறப்புத் தேர்வும்

உங்கள் உரிமம் உண்மையானது என்று, அதை வழங்கிய நாட்டின் அமைப்பே டிஜிசிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்க உரிமமானால் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள, அந்நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் விமானிகள் சான்றிதழ்ப் பிரிவிலிருந்து அந்தக் கடிதம் வர வேண்டும். உரிமம் கைக்கு வந்த வாரமே கேட்டுவிடுங்கள். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு கேட்டால், காத்திருக்கும் வாரங்கள் முழுவதும் 6 மாதக் கெடுவிலிருந்தே கழியும்.

இந்திய விதிப்படி பறப்புத் தேர்வுகள் நான்கு: பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகப் பொதுப் பறப்புத் தேர்வு இரண்டு; பகலில் இடையில் ஒரு நிலையத்தில் இறங்கிக் குறைந்தது 250 கடல் மைல் ஊர்விட்டு ஊர் பறக்கும் தேர்வு; இரவில் எங்கும் இறங்காமல் குறைந்தது 120 கடல் மைல் பறந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் தேர்வு. ஒரு கடல் மைல் 1852 மீட்டர். மதுரையிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் பறந்தாலும் 250 எட்டாது என்று வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். பெரும்பாலோர் திரும்பி வந்து, இந்தியப் பயிற்சி நிறுவனம் ஒன்றில் சில மணி நேரம் பறந்து பழகி, டிஜிசிஏ அங்கீகரித்த தேர்வாளரோடு இவற்றை முடிக்கிறார்கள். பல என்ஜின் தகுதியும், கருவிப் பறப்புத் தகுதியான ஐஆரும் வேண்டுமானால் அதே மூச்சில் முடித்துவிடுவது நல்லது. ஐஆருக்கு 50 மணி நேரம் பொறுப்பு விமானியாக ஊர்விட்டு ஊர் பறந்ததும், 40 மணி நேரம் கருவிப் பறப்பும் வேண்டும், அந்த நாற்பதில் சிமுலேட்டர் 20-க்கு மேல் செல்லாது.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மணிக்கட்டணத்தை மட்டும் கேட்காமல், எத்தனை விமானங்கள் இன்றைக்குப் பறக்கும் நிலையில் உள்ளன, எத்தனை பேர் வரிசையில் இருக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். நான் போன இடத்தில் பட்டியலில் நான்கு விமானங்கள், ஓடியது ஒன்று. என் இரவு இறக்கங்களில் முதல் நான்கு, மற்றவை முடிவதற்குள் 6 மாதக் கெடுவைத் தாண்டிவிட்டன. அவற்றை மட்டும் மறுபடி காசு கொடுத்துப் பறந்தேன். விண்ணப்பிக்கும் நாளன்று 15 மணி நேரமும், பத்து இரவு இறக்கங்களும், நான்கு தேர்வுகளும், 12 மாத மருத்துவச் சான்றும், வெளிநாட்டு உரிமமும் எல்லாம் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றும் காலாவதியாகும் தேதியை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு டிஜிசிஏவின் இ-ஜிசிஏ தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு

இந்திய சிபிஎல் வைத்துக்கொண்டு வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு நாட்டுக்கு நாடு வழி வேறு. அமெரிக்கா, தன் விதியின் 61.75 பிரிவின்கீழ், அயல்நாட்டு உரிமத்தின் அடிப்படையில் தனியார் விமானி அளவிலான சான்று மட்டுமே தரும். அதைக் கொண்டு சம்பாதிக்க முடியாது. வணிக உரிமம் வேண்டுமானால் அவர்களுடைய எழுத்துத் தேர்வும் பறப்புத் தேர்வும் எழுத வேண்டும், மணிகள் மட்டும் கணக்கில் சேரும். ஐரோப்பாவில் 13 தாள்களையும் முதலிலிருந்து எழுத வேண்டும், தேர்ச்சி 75 விழுக்காடு. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 முதல், பிரிட்டன் தனி. ஐரோப்பிய உரிமம் அங்கே தானாகச் செல்லாது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும், அமெரிக்காவும் கனடாவும் தமக்குள் எளிய வழி வைத்திருக்கின்றன. இந்திய உரிமத்துக்கு அந்தக் கதவு திறப்பதில்லை.

உரிமம் வந்த பிறகு

2025 பிப்ரவரி முதல் டிஜிசிஏ மின்னணு உரிமம் வழங்குகிறது. கைப்பேசிச் செயலியிலேயே அது இருக்கும். வந்ததும் முதலில் பெயரின் எழுத்துக்கூட்டலையும், பல என்ஜின், ஐஆர் தகுதிகள் பதிவாகியுள்ளனவா என்பதையும் பாருங்கள். விடுபட்டிருந்தால் அன்றே எழுதுங்கள். 2023-இல் செய்த திருத்தத்தின்படி சிபிஎல்லின் ஆயுள் 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்ந்துள்ளது, ஆனால் முதல் வகுப்பு மருத்துவச் சான்று காலாவதியான நாளிலிருந்து அந்தப் பத்தாண்டு உரிமத்தைக் கொண்டு பறக்க முடியாது. வெளிநாட்டு உரிமத்தையும் பரணில் போட்டுவிட வேண்டாம். அமெரிக்கச் சான்றுக்குக் காலாவதி இல்லை. 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநரோடு பறந்து மறுபரிசீலனை செய்துகொண்டால் அது நடப்பில் இருக்கும். இந்திய மணிகளை எழுதத் தொடங்கும்போது புதிய லாக்புக்கின் முதல் பக்கத்தில் பழையதன் கடைசிக் கூட்டுத்தொகையை, நிமிடத்தோடு, அப்படியே எடுத்தெழுதுங்கள்.